மூலனூர்த் தண்ணி

நம்பறதும் நம்பாததும் உங்க சௌகரியமுங்க. நானே எதையும் லேசுல நம்பற ஆளில்லை, சந்தைக்குப் போனா தக்காளியைப் பார்க்கறதுக்கு முன்னாடி தராசுக்காரன் கையைப் பார்ப்பேன், அப்பேர்ப்பட்ட நானே கண்ணால பார்த்தது இது, பார்த்ததோட விடலை, வாயில ஊத்திக் குடிச்சும் பார்த்தேன். கோயமுத்தூருக்கு வடக்கால எங்க ஊசிக்காட்டுப்பாளையத்துல, ஊத்துக்கண் மார்க் மோட்டார் பம்ப் கம்பெனியில, வைகாசி மாசம் ஒரு செவ்வாக்கிழமை, சோதனைத் தொட்டியில ஓட்டிப் பார்த்த பம்ப் ஒண்ணு தொட்டித் தண்ணியைக் கொட்டாம அரச்சலூர்த் தண்ணியைக் கொட்டுச்சு.

தொட்டின்னா பெரிய கோயில் தெப்பக்குளமெல்லாம் இல்லீங்க. கம்பெனிக்குப் பொறத்தால சிமெண்டுல கட்டினது, எங்க ஊர் போர்வெல் தண்ணியை நெரப்பி வெச்சிருப்பாங்க. செஞ்சு முடிச்ச ஒவ்வொரு பம்பையும் அதோட கரையில வெச்சு, ஒரு குழாய்ல உறிஞ்சி இன்னொரு குழாய்ல அதே தொட்டிக்குள்ள கொட்ட விட்டு, கசியுதா, சத்தம் போடுதான்னு பார்த்துத்தான் வெளியே அனுப்புவாங்க. அதைப் பார்க்கறது அங்கமுத்தண்ணன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: கொழாய்ல வர்ற மொதத் தண்ணியை உள்ளங்கையில புடிச்சு ஒரு வாய் குடிச்சுப்போட்டு, மிச்சத்தை மோட்டார் மேல தெளிச்சு, "போற எடத்துல நல்லா எறைச்சுக் குடு சாமி"ன்னு சொல்லித்தான் ஸ்விட்சை அமத்துவாரு. எங்க ஊர்த் தண்ணி உப்புன்னு வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க; பொண்ணு குடுக்க வர்றவங்க மாப்பிள்ளையைப் பார்க்கறதுக்கு முன்னாடி சொம்புத் தண்ணியைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பாங்க; கட்டிக்கிட்டு வர்ற புள்ளைகளும் கொஞ்ச நாளைக்குச் சுளிச்சுக்கிட்டுக் கெடந்து அப்புறம் மறந்துபோகும். இங்கேயே பொறந்து வளர்ந்த எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியறதில்லை, தண்ணின்னா தண்ணி, அவ்வளவுதான்.

அன்னைக்கு அங்கமுத்தண்ணன் ஒரு வாய் குடிச்சாரு, குடிச்சவரு அப்படியே நின்னாரு, இன்னொரு வாய் குடிச்சாரு, அப்புறம் திரும்பி, வைண்டிங் ரூம் ஜன்னல்ல தாமிரக் கம்பியைச் சுத்திக்கிட்டிருந்த என்னைப் பார்த்து, "மயிலாத்தா, இது எங்க மாமனார் ஊட்டுக் கெணத்துத் தண்ணி"ன்னாரு. நான், "வெயில் ஏறிப்போச்சு, நெழல்ல உக்காருங்க"ன்னேன். சாங்காலம் அந்தப் பம்பை யாரு வந்து எடுத்துட்டுப் போனாங்கன்னா அரச்சலூர்க் கடைக்காரரு, அது எங்கே போச்சுன்னா அங்கமுத்தண்ணன் மாமனாருக்குப் பங்காளி தோட்டத்துக்கு.

மறுநா வெள்ளகோவில் பம்ப் வெள்ளகோவில் தண்ணியைக் கொட்டுச்சு, அதுக்கடுத்தது சத்தியமங்கலத்துத் தண்ணியை, அது பச்சைத் தழை வாசத்தோட சில்லுனு இருந்துச்சு, அதுக்கடுத்தது கந்தகம் மாதிரி நாத்தமடிக்கிற ஏதோ ஒரு ஊர்த் தண்ணியை, அது எந்த ஊருன்னு எடுத்துட்டுப் போக ஆள் வந்தப்பத்தான் தெரிஞ்சுச்சு. எந்தப் பம்ப் எந்த மண்ணுக்குப் போகப்போகுதோ அந்த மண்ணோட தண்ணியைத் தொட்டியிலேயே கொட்டிக் காட்டிட்டுத்தான் கெளம்பும், அவ்வளவுதான் விசயம். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது, கேக்கறதுக்கு யாருக்கும் நேரமும் இல்லை, ஏன்னா அதுக்குள்ள ஊரு குடத்தோட வந்து நின்னுடுச்சு.

நல்ல தண்ணி பம்ப் ஓடற நாள்ல கொழாய் வாய்க்குக் கீழே வரிசை கட்டி நிப்பாங்க. மாரியம்மன் கோயில் பொங்கலைச் சத்தியமங்கலத்துப் பம்ப் வர்ற வரைக்கும் தள்ளி வெச்சாங்க. எதுக்கால டீக்கடைக்காரரு சாக்பீஸ்ல "இன்று பவானித் தண்ணி டீ"ன்னு போர்டு எழுதி வெச்சாரு. பவானிப் பம்பே ஓடாத நாள்லயும் அந்தப் போர்டு இருந்ததை நான் பார்த்தேன், கேட்டதுக்கு நேத்துத் தண்ணி மிச்சமுன்னாரு. பவானியிலிருந்து வாக்கப்பட்டு வந்த செல்லக்காளு அந்தத் தண்ணியை ரெண்டு குடம் புடிச்சுட்டுப் போயி, கதவைச் சாத்திக்கிட்டு அழுதுச்சு, எதுக்கு அழுதே, யாரை நெனைச்சு அழுதேன்னு அவ ஊட்டுக்காரன் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டான். கம்பெனி திருட்டுத்தனமா வெளியூருக்குப் போற பெரிய குடிதண்ணிக் குழாய்ல இருந்து கனெக்சன் எடுத்திருக்குதுன்னு எவனோ எழுதிப்போட்டு, பஞ்சாயத்து ஆபீசுல இருந்து வந்து தொட்டியைச் சுத்தி நோண்டிப் பார்த்தாங்க, நோண்டினவங்களே போகையில ஆளுக்கொரு கேன் புடிச்சுட்டுப் போனாங்க. இப்படி ஒரு மாசத்துல ஊரு அதைப் பழகிக்கிச்சு. பழகாதது எங்க மொதலாளிதான்.

மொதலாளி பேரு ருக்குமாங்கதன். அப்பா காலத்துல பட்டறையா இருந்ததைக் கம்பெனியா ஆக்கினவரு, எங்களை அம்மணின்னு கூப்பிடுவாரே தவிர அதட்ட மாட்டாரு, எங்க வைண்டிங் ரூம் பொம்பளைகளுக்கெல்லாம் அடுப்பு எரிஞ்சதே அவரு கம்பெனியிலதான். சரக்கை எடுக்கறது பூராவும் சின்னச் சின்னக் கடைக்காரங்க, ஊருக்கு ஒருத்தரு, ரெண்டு பம்பு மூணு பம்புன்னு மினிடோர் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறவங்க. இன்னாருக்கு இன்னின்ன ஊருன்னு மொதலாளி பிரிச்சு வெச்சிருந்தாரு, ஒருத்தரு எல்லைக்குள்ள இன்னொருத்தரு விக்கப்படாது, அது வாய்வார்த்தைக் கட்டுப்பாடு. இந்தத் தண்ணி வந்துதான் அந்தக் கட்டுப்பாட்டுல மண்ணைப் போட்டுச்சு.

எப்படீன்னா, காங்கயத்துக் கடைக்காரரு பேருல இருந்த பம்ப் ஒரு நாள் மூலனூர்த் தண்ணியைக் கொட்டுச்சு. மூலனூர் வஞ்சியக்காவோட எல்லை. வஞ்சியம்மாள்னு பேரு, புருசன் போன பெறகு கடையை எடுத்து நடத்தற பொம்பளை, பம்ப் வாங்க வந்தா எங்களுக்கு முறுக்கோ கடலையோ மடியில கட்டிக்கிட்டு வரும். மொதலாளி காங்கயத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா, "தண்ணி சொல்லுச்சுன்னு என்னைத் திருடனாக்கறீங்களா"ன்னு அவரு குதிச்சாரு, குதிச்சாரே தவிர இல்லைன்னு சொல்லலை. சரி வஞ்சியக்காதான் பாவம்னு பார்த்தா, அடுத்த வாரம் அக்கா பேருல இருந்த பம்ப் தாராபுரத்துத் தண்ணியைக் கொட்டுச்சு. கேட்டதுக்கு, "எந்தம்பி தோட்டத்துக்குங்க, கூடப்பொறந்தவனுக்குக் கூடவா எல்லை பார்ப்பாங்க"ன்னு சிரிச்சுது. அன்னையிலிருந்து மொதலாளி ஒவ்வொரு பம்புக்கும் தொட்டிக்கரையில வந்து நிக்க ஆரம்பிச்சாரு. அங்கமுத்தண்ணன் குடிச்சு ஊர் பேரைச் சொல்ல, அவரு கடைக்காரங்க மூஞ்சியை நெனைச்சுப் பல்லைக் கடிப்பாரு. கடைக்காரங்களும் சும்மா இல்லை: அவனுக்கு மட்டும் நல்ல தண்ணி பம்பாக் குடுக்கறீங்க, எனக்கு உப்புத் தண்ணி பம்பைத் தள்ளி விடறீங்கன்னு புகார். உங்க ஊர் மண்ணு உப்புய்யா, அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்னு சொன்னா, யாரு கேக்கறா. தண்ணி பொய் சொல்லாதுன்னு ஆனதும் மனுசன் சொல்றதெல்லாம் பொய்யாத் தெரிய ஆரம்பிச்சுருச்சு.

அந்த நேரம் பார்த்து வந்தாரு நிரஞ்சன். நாடு பூராக் கடை வெச்சிருக்கற ஒரு பெரிய கம்பெனிக்குச் சரக்கு எடுக்கற மேனேஜர், வயசு முப்பது இருக்கும், வெள்ளை வெளேர்னு பூட்ஸ், பேச்சு வெல்லம். எங்க வைண்டிங் ரூமுக்குள்ள வந்து, "அம்மா, நீங்கதான் இந்தக் கம்பெனியோட உயிர்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்ட கையை உடனே நம்பறவ நான் இல்லைன்னாலும் கூட இருந்தவளுக குளுந்துபோயிட்டாளுக. கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணு: செய்யற பம்ப் அத்தனையும் அவங்களுக்கே வேணும், அவங்க ஸ்டிக்கர் ஒட்டி, வேற யாருக்கும் ஒண்ணு கூடப் போகப்படாது, ஆடிப் பதினெட்டுக்குள்ள பதில் சொல்லணும். தண்ணி விசயத்தைச் சொன்னதுக்கு, "கேள்விப்பட்டேன் சார், பிரமாதம்"னாரு. அங்கமுத்தண்ணன் ஒரு டம்ளர் புடிச்சு நீட்டினப்ப மட்டும், பையில இருந்த பாட்டில் தண்ணியை எடுத்துக் காட்டி, "நான் இதுதாங்க குடிக்கிறது"ன்னுட்டாரு.

மொதலாளி ரெண்டு மனசா இருந்தாரு. மத்தியானச் சோத்து நேரத்துல எங்ககிட்டயே வந்து பொலம்பினாரு: "பாரு அம்மணி, சின்னக் கடைக்காரங்கன்னா ஊருக்கு ஒரு போனு, ஆளுக்கொரு சண்டை, ஒரு ரப்பர் வாசர் வேணும்னு வந்து மத்தியானச் சோறு வரைக்கும் உக்காந்துக்கறாங்க. போதாததுக்கு ஒருத்தன் எல்லையில ஒருத்தன் மேயறான். பெரிய எடம்னா ஒரே போனு, ஒரே லாரி, ஒரே பேச்சு. நானும் எத்தனை நாளைக்குத்தான் இவங்க பஞ்சாயத்தைப் பண்ணிக்கிட்டிருப்பேன்?"

"அந்த ஒரு போனு ஒரு நாள் எடுக்கலைன்னாங்க?"ன்னேன் நான்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"னாரு, சந்தேகத்தைப் பத்தி அவரு என்கிட்டச் சொன்னாரு பாருங்க.

ஆடிப் பதினெட்டுக்கு ரெண்டு நாள் முந்தி சரின்னு சொல்லிட்டாரு. கடைக்காரங்களுக்கெல்லாம் இனிமே சரக்கு இல்லைன்னு போன் போச்சு. காங்கயத்துக்காரரு திட்டினாரு, அரச்சலூர்க்காரரு அழாத குறை, வஞ்சியக்கா மட்டும் போனை எடுக்கலை.

மொத லோடு தயாராச்சு. இப்ப எல்லாருக்கும் ஒரே கேள்வி, இந்தப் பம்ப் எந்த ஊர்த் தண்ணியைக் கொட்டும்? மொதலாளிக்குள்ள ஒரு பயம்: நாடு பூராப் போகும்னு சொல்லிப்போட்டு, அந்த நிரஞ்சன் பாட்டுக்கு மூலனூருலயும் காங்கயத்துலயும் கடை போட்டு நம்ம ஆளுக வயித்துல அடிச்சானா? நம்ம கையாலயே நம்ம ஆளுகளை அழிச்ச பாவம் வந்துருமேன்னு. அதனால அங்கமுத்தண்ணன்கிட்ட, குடிச்சுட்டு என் காதுல மட்டும் சொல்லுன்னாரு. ஊரே தொட்டியைச் சுத்தி நிக்குது. அண்ணன் ஸ்விட்சைப் போட்டாரு, கையேந்திக் குடிச்சாரு, ஒண்ணும் சொல்லலை, அடுத்ததைப் போட்டாரு, குடிச்சாரு, அதுக்கடுத்தது, அதுக்கடுத்தது. கடைசியில வாயைத் தொடைச்சுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி, "ஒண்ணுமில்லீங்க. வெறும் தண்ணி"ன்னாரு.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? அங்கமுத்தண்ணன் அந்த வெள்ளை பூட்ஸ்காரன்கிட்டக் காசு வாங்கிக் கையை நனைச்சுக்கிட்டாரு, அதான் மறைக்கிறாருன்னு தோணுச்சு. விறுவிறுன்னு போயி நானே குடிச்சேன். வெறும் தண்ணிதான். ஒரு ருசியுமில்லை, ஒரு வாசமுமில்லை. கூட இருந்தவங்களும் குடிச்சாங்க, டீக்கடைக்காரரும் குடிச்சாரு, மொதலாளியும் குடிச்சாரு, எல்லாருக்கும் வெறும் தண்ணி. அம்மன் கோவிச்சுக்கிட்டான்னு சிலரு, பொங்கலைத் தள்ளி வெச்சதுதான் குத்தம்னு சிலரு, கடைக்காரங்க சேர்ந்து செய்வினை வெச்சுட்டாங்கன்னு சிலரு. மொதலாளிக்கு மட்டும் மூஞ்சி தெளிஞ்சுபோச்சு. "நாடு பூராப் போற பம்புக்கு ஒரு ஊர்த் தண்ணியா வரும்? எல்லா ஊரும் கலந்தா ருசி எப்படித் தெரியும்?"னாரு. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு.

லாரி வந்து முத்தத்துல நின்னப்ப, மூலனூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வஞ்சியக்கா வந்து சேர்ந்துச்சு. அன்னைக்கு மடியில முறுக்கில்லை. வெயில்ல மூஞ்சி கறுத்துப்போயி, லாரிக்கும் மொதலாளிக்கும் நடுவுல வந்து நின்னுச்சு.

"போன்ல பேசுனா நீங்க பாதியில வெச்சுருவீங்க, அதான் நேர்ல வந்தனுங்க. எனக்கு ரெண்டே ரெண்டு பம்ப் குடுங்க. மழை வர்றதுக்குள்ள குடுக்கறேன்னு ரெண்டு தோட்டத்துக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கறனுங்க."

"அக்கா, ஒண்ணு கூட வெளியே போகப்படாதுன்னு பேச்சு. நானும் வாக்குக் குடுத்திருக்கறேன்."

"என்கிட்டக் குடுத்த வாக்குக்கு அதை விட வயசு எச்சுங்களே."

"தாராபுரத்துல வித்தப்ப அந்த வாக்கு எங்கே போச்சு?"

"நான் செஞ்சது தப்புத்தானுங்க. நாங்க சின்ன ஆளுக, சின்னச் சின்னதாத் தப்புப் பண்ணுவோம், நீங்க திட்டுவீங்க, நாங்க வாங்கிக்குவோம். பெரிய ஆளு பண்ற தப்பை நீங்க எந்த வாயால போயித் திட்டுவீங்க? அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போயிருமுங்க."

"யாரக்கா எனக்குப் புருசன்?"னு மொதலாளி கேக்க, லாரிக்காரன் உட்பட எல்லாரும் சிரிச்சாங்க, அக்காவும் சிரிச்சுது. சிரிச்சுட்டு, தொண்டை காயுதுன்னு சொல்லித் தொட்டிக்கரைக்குப் போயி, அங்கமுத்தண்ணன் கடைசியா ஓட்டிக்கிட்டிருந்த பம்போட கொழாய்ல கையேந்தி ஒரு வாய் குடிச்சுது, குடிச்ச வேகத்துல துப்புச்சு.

"ஏனுங்க, இது உங்க ஊர்த் தண்ணிதானுங்களே. உப்புக் கரிக்குது."

"தொட்டித் தண்ணி எங்க ஊர்த் தண்ணிதான், வேற எப்படி இருக்கும்?"னாரு மொதலாளி.

"இந்தத் தொட்டி இத்தனை நாளா அப்படியா கொட்டுச்சு?" அக்கா வாயைத் தொடைச்சுக்கிட்டு மொதலாளியை நேராப் பார்த்துச்சு. "போற ஊர்த் தண்ணியைக் கொட்டும்னுதானுங்களே பேச்சு. அப்ப இந்தப் பம்பெல்லாம் எந்த ஊருக்குப் போகுது?"

அங்கமுத்தண்ணன் இன்னொரு வாய் எடுத்து நாக்குல வெச்சுக்கிட்டு, உப்பு இருக்குதா இருக்குதான்னு தேடறாரு. பொறந்ததுல இருந்து குடிச்ச நாக்குக்கு அது எங்கே தெரியப்போகுது. ருசியில்லை ருசியில்லைன்னு நாங்க சொன்னது அத்தனையும் எங்க ஊரு ருசி. இந்தப் பம்ப் எங்கேயும் போகப்போறதில்லை, போனாலும் திரும்பி இங்கேதான் வரப்போகுதுன்னு தொட்டி கத்திச் சொல்லிக்கிட்டிருந்துச்சு, நாங்க அதிசயம் நின்னுபோச்சுன்னு நெனைச்சுக்கிட்டோம்.

மொதலாளி அக்காவையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அவருக்கும் புரிஞ்சுதுன்னு நான் சத்தியம் பண்ணுவேன், கண்ணுல தெரிஞ்சுது. ஆனா அதுக்குப் பின்னாலயே அந்தப் பாழாப்போன சந்தேகமும் வந்து நின்னுச்சு. "உனக்கு ரெண்டு பம்ப் வேணும், அதுக்குத்தானே இந்தப் பேச்சு?"ன்னாரு.

"வேணுமுங்க. அதுக்காகத் தண்ணியா பொய் சொல்லும்?"

"தண்ணி சொல்லாது. நீ சொல்லுவே."

அக்கா முந்தானையை உதறிச் சொருகிக்கிட்டு, எங்க ஜன்னலைப் பார்த்து, "போயிட்டு வாறேன் மயிலாத்தா"ன்னு சொல்லிட்டு வெயில்ல எறங்கிப் போயிடுச்சு. லாரியும் போச்சு. போகையில புழுதி அடங்கற வரைக்கும் மொதலாளி கேட்டுலயே நின்னாரு.

ஐப்பசி மழையில அனுப்பின சரக்கோட லாரி திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு லோடு போயிருந்துச்சு, ரெண்டுக்கும் ருசி பார்க்கறதை மொதலாளி வேண்டாம்னுட்டாரு. சரக்குல குத்தமில்லை, மேலிடத்துல முடிவு மாறிருச்சு, வேற ஒருத்தங்ககிட்ட எடுக்கறாங்களாம்னு லாரிக்காரன் வாய்ல சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நிரஞ்சனுக்குப் போட்ட போனை வேற ஒரு பையன் எடுத்து, சார் அந்தக் கம்பெனியை விட்டே போயிட்டாருங்கன்னான். பாவம், அந்த வெள்ளை பூட்ஸுமே அவரு சொந்தமா இல்லையான்னு எனக்கு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. அனுப்பின பம்ப் அத்தனையும், ஊர் பேர் தெரியாத ஸ்டிக்கரோட, தொட்டியைச் சுத்தி, ஷெட்டுக்குள்ள, வைண்டிங் ரூம் வாசல்ல, எடம் பத்தாம டீக்கடை ஓரம் வரைக்கும் அடுக்கி நின்னுச்சு. எங்க கடைக்காரங்க எல்லாரும் வேற கம்பெனி போர்டை மாட்டியாச்சு. எங்களுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னாங்க, அப்புறம் ரெண்டு நாள்னாங்க. தை பொறக்கறதுக்குள்ள கதவைச் சாத்திருவாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. பக்கத்து மில்லுல ஆள் எடுக்கறாங்களான்னு கூட இருந்தவளுக விசாரிக்க ஆரம்பிச்சுட்டாளுக.

ஒரு நாள் வெடியால மொதலாளி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தொட்டிக்கரைக்கு வந்தாரு. "அங்கமுத்து, ஒவ்வொண்ணா ஓட்டு"ன்னாரு. அண்ணன் ஓட்டினாரு. மொதலாளியே கையேந்திக் குடிச்சாரு. குடிச்சுட்டு அன்னைக்கு அக்கா துப்பின மாதிரியே துப்பினாரு. "உப்பு அங்கமுத்து. எத்தனை உப்பு. இதையா இத்தனை வருசம் குடிச்சோம்?"னாரு. சாராயம் குடிச்சவனாட்ட கண்ணெல்லாம் செவந்து போயி, அடுத்ததை ஓட்டச் சொல்லி அதையும் குடிச்சாரு, அதுவும் உப்பு, அடுத்ததும் உப்பு. வவுறு நெறைஞ்சு குமட்டி, இனி என்னால முடியாது, நீயே பாருன்னு கரையில உக்காந்துட்டாரு. அண்ணன் ஒவ்வொண்ணாப் பார்த்துத் தலையை ஆட்டிக்கிட்டே வந்தாரு. பொழுது உச்சிக்கு வந்தப்ப ஒரு பம்போட தண்ணியை வாயில வெச்சவரு ஆட்டறதை நிறுத்தினாரு.

"மூலனூர்த் தண்ணிங்க."

மொதலாளி எந்திரிக்கலை. அண்ணனையே பார்த்தாரு. நீ எனக்கு ஆறுதலுக்குச் சொல்றேன்னு அவரு வாய் சொல்லலை, மூஞ்சி சொல்லுச்சு. நாக்கு மரத்துப்போன மனுசன், தானே குடிச்சுப் பார்க்கவும் முடியாது. மெதுவாத் திரும்பி, "மயிலாத்தா, நீ வா. நீதான் யாரையும் நம்ப மாட்டியே, நீ குடிச்சுச் சொல்லு"ன்னாரு.

போனேன். கையேந்தினேன். குடிச்சேன். அந்தத் தண்ணி எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, வெறும் தண்ணியா இருந்துச்சுங்க. பொறந்ததுல இருந்து குடிச்ச தண்ணி மாதிரி. மூலனூர்த் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும், முன்னாடி அது தொட்டியில கொட்டினப்பவும் நான் குடிச்சதில்லை, அந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுத்ததில்லை. அண்ணனைப் பார்த்தேன், அவரு மோட்டாரைத் தொடைக்கிற சாக்குல குனிஞ்சுக்கிட்டாரு. அடுக்கி நிக்கற பம்புகளைப் பார்த்தேன், ஜன்னல்ல வந்து நிக்கற எங்க பொம்பளைகளைப் பார்த்தேன், கரையில உக்காந்திருக்கற மொதலாளியைப் பார்த்தேன். இந்த மனுசன் இப்ப எந்திரிச்சு மூலனூர் போயி அந்தப் பொம்பளை முன்னால நிக்கலைன்னா இந்தக் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

"ஆமாங்க, மூலனூர்த் தண்ணிதான். அச்சு அசல்"னேன்.

பொய்தானுங்க. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

மொதலாளி எந்திரிச்சாரு. மண்ணெண்ணெய்த் துணியைப் போட்டு அந்த ஸ்டிக்கரை அவரே சொரண்டி எடுத்தாரு, ஒரு ஓரம் வராம ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, அதை நகத்தால கிள்ளி எடுத்தாரு. பம்பை மினிடோர்ல ஏத்தி, டிரைவரை வேண்டாம்னுட்டு அவரே ஓட்டிக்கிட்டுப் போனாரு. போற வரைக்கும் நானும் அங்கமுத்தண்ணனும் ஒருத்தரை ஒருத்தரு பார்த்துக்கலை. அவரு சொன்னது நெசமா பொய்யான்னு நான் கேக்கலை, என்னையும் அவரு கேக்கலை.

நல்லா இருட்டின பெறகுதான் வண்டி திரும்பி வந்துச்சு. கேட்டைத் தாண்டி உள்ளே வர்றப்ப ஊரே எட்டிப் பார்த்துச்சு, பின்னால பம்ப் இல்லை. மொதலாளி எறங்கி, மூஞ்சியைக் கழுவிட்டு, நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வாங்கன்னாரு. வஞ்சியக்கா என்ன சொல்லுச்சு, எத்தனை திட்டுச்சு, கடை வாசல்ல எத்தனை நேரம் நிக்க வெச்சுதுன்னெல்லாம் அவரு சொல்லலை. முன் சீட்டுல இருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து என் கையில குடுத்தாரு. நெறைய தண்ணி.

"வஞ்சியக்கா உனக்குக் குடுத்துவிட்டுச்சு"ன்னாரு. "நீ குடிச்சுப் பார்த்துச் சொன்னேன்னு சொன்னேன். அந்தப் புள்ளை மூலனூர் எல்லையைக் கூட மிதிச்சதில்லையே, அது எப்படிச் சொல்லுச்சுன்னு கேட்டுச்சு. அப்புறம் சிரிச்சுட்டு இதைப் புடிச்சுக் குடுத்து, அடுத்தவாட்டி பொய் சொல்றதுன்னா ருசி தெரிஞ்சு சொல்லச் சொல்லுங்கன்னுச்சு."

சொல்லிட்டு, திட்டவும் இல்லாம சிரிக்கவும் இல்லாம ஆபீஸ் ரூமுக்குள்ள போயிட்டாரு. நான் மூடியைத் திறந்து ஒரு வாய் குடிச்சேன். லேசா சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசம், தொண்டையில எறங்கின பெறகு நாக்கு நுனியில கொஞ்சூண்டு இனிப்பு. இப்படி ஒண்ணை நான் என் ஆயுசுல குடிச்சதில்லை. கேனை அங்கமுத்தண்ணன்கிட்ட நீட்டினேன். அவரும் ஒரு வாய் குடிச்சாரு, வழக்கமா மிச்சத்தை மோட்டார் மேல தெளிக்கறவரு அன்னைக்கு அதையும் முழுங்கிட்டு, "மத்தியானம் தொட்டியில வந்ததும் இதேதான் அம்மணி"ன்னாரு.

நான் அவரு மூஞ்சியைப் பார்த்தேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த மனுசன் மேல நம்பிக்கை வரலீங்க.